கப்பல் ஏறாத சின்னத்துரை

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம் என்று ஒரு சடங்கு நம் நாட்டில் உண்டு. நுவரெலியாவிலும் நடக்கும். அரசியல்வாதி ஒருவர் தலைமை தாங்க, மாவட்டச் செயலாளர், பிரதேச செயலாளர்கள், பொலிஸ் பெரியவர்கள், மின்சார சபைக்காரர், வீதிக்காரர் எல்லோரும் கோப்புக் கட்டுகளோடு வந்து அமர்வார்கள். கசிப்பு பெருகிவிட்டது என்பார் ஒருவர். பொலிஸ் பிடிக்கவில்லை என்பார் இன்னொருவர். பிடித்தோம், நீதிமன்றம் விட்டுவிட்டது என்பார் பொலிஸ் பெரியவர். நீதிமன்றத்தைப் பற்றி இங்கே பேசக்கூடாது என்பார் தலைவர். தேநீர் வரும். மிச்சம் அடுத்த கூட்டத்துக்கு.

இந்தக் கூத்தைப் பார்க்கிற சில பெரியவர்கள், "வெள்ளைக்காரன் இருந்தபோது இப்படியா? ஒரு சத்தம் போட்டால் போதும், எல்லாம் ஒழுங்காக நடந்தது" என்று பெருமூச்சு விடுவார்கள். நடந்தது உண்மைதான். எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்தால்தான் பெருமூச்சு கொட்டாவியாக மாறும்.

அந்தக் காலத்து மலையகத்தில் ஒருங்கிணைப்புக் கூட்டமே தேவைப்படவில்லை. ஒருங்கிணைய வேண்டியவர்களில் பாதிப்பேர் ஒரே ஆளாக இருந்தார்கள். மீதிப்பேர் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள்.

முதலில் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிலாளர் சட்டம் தோட்டத்தில் நடக்கக்கூடிய அத்தனை மனித பலவீனங்களையும் குற்றப் பட்டியலில் சேர்த்துவிட்டது. வேலைக்கு வர மறுத்தால் குற்றம். குடித்துவிட்டுக் கிடந்தால் குற்றம். அறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போனால் குற்றம். திமிராகப் பேசினாலும் குற்றம். எது திமிர் என்று யார் சொல்வது? திமிரைக் கண்டவர்தான். தண்டனை, சம்பளம் போவதோடு மூன்று மாதம் வரை மறியல். கடூழியத்துடனும் கொடுக்கலாம், இல்லாமலும் கொடுக்கலாம். விடியக்காலை தப்புச் சத்தத்துக்கு எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் குளிரில் நின்று, அட்டைக் கடியோடு மலையேறியவனுக்கு, இதில் கடூழியம் எங்கே தொடங்குகிறது என்று விளங்கியிருக்குமோ தெரியாது.

கொழும்புக் கந்தோரில் ஒரு கிளாக்கர் வேலையை விட்டால் பிரியாவிடை விருந்து வைத்துப் படம் பிடித்து மாட்டுவார்கள். தோட்டத்தில் ஒருவன் வேலையை விட்டால் பிடியாணை. கூலிப் பிணக்கு என்கிற ஒரு சாதாரண சமாச்சாரத்தைப் பொலிஸ், நீதவான், சிறை மூன்றும் கைகோத்து நின்று கவனித்துக்கொண்ட பாக்கியம் வேறு தொழிலாளிக்கு அவ்வளவு எளிதில் கிடைத்திருக்காது.

அடுத்தது நீதவான். பழைய பெயர் விபரக் கொத்துகளைப் புரட்டினால், துரைமார் பலரின் பெயருக்குப் பின்னால் ஜே.பி., யூ.பி.எம். என்று எழுத்துகள் வால் பிடித்துத் தொங்கும். சமாதான நீதவான், உத்தியோகப்பற்றற்ற பொலிஸ் நீதவான். அதாவது, தேயிலை வளர்க்கிற அதே கனவான் நீதியையும் கொஞ்சம் கவ்வாத்து வெட்டிவிடுவார். எல்லா வழக்கும் இவர்களிடம் போனது என்று சொல்ல வரவில்லை. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் முறையான நீதிமன்றங்கள் இருந்தன. ஆனால் பக்கத்து மலைத் துரையே நீதவான் பட்டம் வைத்திருக்கிற ஊரில், துரைக்கு எதிராக முறைப்பாடு எழுதப் போகிறவன் முதலில் தன் மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும்.

இந்த ஏற்பாட்டின் கீழ்க் கோர்ட்டு பிரட்டுக்களத்தில் இருந்தது. அங்கே சட்டப் புத்தகம் கிடையாது, பேர் பதியும் செக்ரோல்தான். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. முகம் பிடிக்காவிட்டால் பேரே இல்லை. கணக்கப்பிள்ளை சாட்சி, கங்காணி அரச தரப்பு, துரை நீதிபதி. எதிரித் தரப்பில் ஒருவரும் ஆஜராகவில்லை. மேன்முறையீடு செய்யவேண்டுமானால் அதே துரையின் பங்களா வாசலில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அப்பு உள்ளே போய்ச் சொல்லும்வரை நிற்கலாம். அந்த மேன்முறையீட்டின் முடிவு பெரும்பாலும் பத்துச்சீட்டு, அதாவது வேலைநீக்கம்.

அதற்கும் மேலே துண்டு. பட்ட கடனைக் கட்டினால் இந்த ஆளை விடச் சம்மதம் என்று துரை எழுதிக்கொடுக்கும் காகிதம். அது இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கேட்டுப் போகமுடியாது. பெரிய கங்காணி ஊரிலிருந்து கூட்டி வந்த செலவு, அரிசிச் செலவு, கல்யாணச் செலவு, கருமாதிச் செலவு என்று கடன் தேயிலையைவிட வேகமாக வளர்ந்தது. தொழிலாளிகளைக் கட்டிவைக்கும் இந்தக் காகிதத்தை 1921இல்தான் ஒழித்தார்கள். சம்பளத் தகராறுக்குச் சிறை என்ற விதியும் அந்தக் கட்டத்தோடுதான் போய்ச் சேர்ந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய இயந்திரம். பழுது பார்க்கவேண்டும் என்று துரைமார் யாரும் முறைப்பாடு செய்ததாகக் காணோம்.

மேலே இருந்தவர்கள் சந்திக்கும் இடங்களுக்கும் குறைவில்லை. தோட்டக்காரர் சங்கம் 1854இலேயே தொடங்கிவிட்டது. நுவரெலியாவில் ஹில் கிளப் 1876இல், கோல்ஃப் கிளப் 1889இல். தேசாதிபதிக்கும் அங்கே குளிர்காய ஒரு குவீன்ஸ் கொட்டேஜ். பொலிஸ் பெரியவர், அரசாங்க அதிபர், நீதவான், துரை நால்வரும் ஒரே புல்வெளியில் பந்து தேடுகிற ஊரில், நாலு இலாகாக்களுக்குமிடையில் கடிதம் எழுதுவது முத்திரைக்குக் கேடு. அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் போயிருந்தால் காவல்காரன் என்னை வாசலிலேயே நிறுத்தியிருப்பான்.

இவ்வளவு இறுக்கமான ஒருங்கிணைப்பில் முதல் ஓட்டை போட்டவர் கோ. நடேசய்யர். தோட்டம் தனியார் காணி. அழைக்காமல் உள்ளே காலடி வைத்தால் அத்துமீறல் வழக்கு. தொழிற்சங்கக்காரனைத் துரை அழைப்பாரா? ஆனால் புடைவை வியாபாரி வரலாம். லயத்துப் பெண்களுக்குச் சேலை வேண்டுமே. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த இந்தப் பத்திரிகைக்காரர் துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சேலைக்காரராக உள்ளே போய் லயங்களைப் பார்த்தார். பொலிஸ் அரசியல்வாதியைத் தேடிக்கொண்டிருந்தபோது, அரசியல்வாதி சேலை முந்தானையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பிறகு பத்திரிகை நடத்தினார். 1931இல் ஹட்டனில் தொழிற்சங்கத்தை ஆரம்பித்தார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடியே ஆட்களைத் திரட்டினார். அரை மணிநேரச் சொற்பொழிவைக் குறிப்பெடுக்கப் பொலிஸாருக்குப் பயிற்சி இருந்திருக்கும். பாட்டுக்கு என்ன அறிக்கை எழுதுவது? ராகத்தைச் சொல்வதா, தாளத்தைச் சொல்வதா?

அதே 1931இல் டொனமூர் அரசியலமைப்பு வந்தது. வயது வந்தோருக்கு வாக்கு; அரசாங்க சபையில் ஏழு உள்ளூர் அமைச்சர்கள். வெள்ளைக்காரர் மூவர் மட்டும் தனியாக: பிரதம செயலாளர், சட்டச் செயலாளர், நிதிச் செயலாளர். மேலே தேசாதிபதி. இதில் பொலிஸ், உள்நாட்டு அமைச்சரான சேர் டி. பி. ஜயதிலக்கவின் கீழ், நீதி நிர்வாகம் சட்டச் செயலாளரின் கீழ். கட்டிப்போடும் கயிறு ஒருவர் கையில், முடிச்சு இன்னொருவர் கையில். லண்டனில் இதை வரைந்தவர்களுக்கு இது அதிகாரப் பங்கீடு. நடைமுறையில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் நடுவே, விருந்தில் சேராத ஓர் ஆளுக்குக் கதிரை போடவேண்டி வந்துவிட்டது. போட்டார்கள். பரிமாறத்தான் மறந்துபோனார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் நம் கதாநாயகன் கப்பலில் வந்து இறங்குகிறார்.

மார்க் அந்தோனி லிஸ்டர் பிரேஸ்கேர்டில். இங்கிலாந்தில் பிறந்து அவுஸ்திரேலியாவுக்குப் போனவர். தாயார் பெண்கள் வாக்குரிமை இயக்கத்தில் இருந்தவர். மகன் அவுஸ்திரேலியாவில் இளம் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்துகொண்டார். 1936இல் தேயிலை பழக இலங்கைக்கு வந்தார். மடுல்கலைப் பகுதியில் றெலுகாஸ் தோட்டத்தில் பயிற்சிச் சின்னத்துரை. ஒரு கணக்கப்பிள்ளை வேலைக்கே சாதி, ஊர், உறவு, நற்சான்றிதழ் எல்லாம் கேட்டுத் துளைக்கிற தோட்டத்தில், இந்த இளைஞனிடம் யாரும் எதையும் கேட்ட மாதிரித் தெரியவில்லை. தோல்தான் நற்சான்றிதழ். அதில் சிவப்பு மை எங்கே என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

வந்தவர் லயத்துக்குள் போனார். தொழிலாளர்களோடு பழகினார். சின்னத்துரை ஒருவர் குதிரை ஏறத் தெரியாமல் இருக்கலாம், கணக்குத் தெரியாமல் இருக்கலாம், இரவெல்லாம் குடித்துவிட்டுப் பிரட்டுக்கு வராமலும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மன்னிப்பு உண்டு. தொழிலாளியை மனிதனாகப் பார்ப்பது மட்டும் மன்னிக்கமுடியாத குற்றம். வேலை போயிற்று. வெள்ளைக்காரனுக்கே பத்துச்சீட்டு! லயத்து ஆட்கள் இதைக் கேட்டு அன்றிரவு எத்தனை தரம் சிரித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

வேலை போனவர் ஊருக்குப் போகவில்லை. 1935 டிசம்பரில் பிறந்திருந்த லங்கா சமசமாஜக் கட்சியில் போய்ச் சேர்ந்தார். கட்சியோ மேல்நாட்டில் படித்த கலாநிதிகள், பட்டதாரிகளின் கூடாரம். என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பிலிப் குணவர்தன என்று மேல்நாட்டில் படித்துவிட்டு வந்து ஏகாதிபத்தியத்தின் காலை வாரிக்கொண்டிருந்தவர்கள். இவர்களுக்கு இதுவரை கிடைக்காத ஒன்று இப்போது கிடைத்துவிட்டது: தோட்டத்து பங்களாவுக்குள்ளிருந்து வந்த ஒரு சாட்சி, அதுவும் வெள்ளையாக.

1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் கூட்டம். இந்தியாவிலிருந்து கமலாதேவி சட்டோபாத்யாய வந்திருந்தார். தோட்டத் தொழிலாளர் சுமார் இரண்டாயிரம் பேர். என்.எம். பெரேரா எழுந்து ஒரு வெள்ளைத் தோழரை அறிமுகப்படுத்தினார். பிரேஸ்கேர்டில் மேடையில் ஏறி, மலைமேல் தெரிந்த பங்களாக்களைக் கையால் சுட்டிக்காட்டி, அங்கே இருக்கிறவர்கள் உங்கள் உழைப்பில் கொழுக்கிறார்கள் என்ற பொருள்படப் பேசினார். அந்தக் கூட்டத்தைப் பற்றி அப்போது எழுதப்பட்ட ஒரு விவரணம் இருக்கிறது. எழுதியவருக்குப் பேச்சைவிடப் பேச்சாளரின் முகமும் நின்ற தோரணையும் பயங்கரமாகத் தோன்றியிருக்கின்றன. ஒவ்வொரு வசனத்துக்கும் தொழிலாளர் "சாமி, சாமி" என்று கூவினார்களாம். துரைக்குக் கிலி பிடித்தது அங்கேதான் என்பது என் அபிப்பிராயம். கம்யூனிஸ்டைச் சமாளிக்கலாம். சாமியாகிவிட்ட கம்யூனிஸ்டை என்ன செய்வது?

இனி ஒருங்கிணைப்பைப் பாருங்கள். தோட்டக்காரர் தரப்பு இந்த ஆளை நாட்டைவிட்டே அனுப்பவேண்டும் என்று நெருக்கியது. தேசாதிபதி சேர் ரெஜினோல்ட் ஸ்டப்ஸ். இவர் இதற்குமுன் ஹொங்கொங்கில் தேசாதிபதியாக இருந்தபோது 1922இல் மாலுமிகளின் வேலைநிறுத்தத்தையும் 1925இல் அதைவிடப் பெரிய ஒன்றையும் பார்த்துவிட்டு வந்தவர். வேலைநிறுத்தம் என்றால் அவருக்கு ஒவ்வாமை. தொழிலாளர் கூட்டம் என்ற வாசனை பட்டாலே தும்மல் வந்துவிடும். அலுமாரியிலிருந்து 1896ஆம் ஆண்டின் அரச கட்டளை ஒன்றைத் தூசு தட்டி எடுத்தார்கள். நாட்டுக்கு ஆபத்தான அவசர வேளைகளுக்கு என்று எழுதி வைத்தது. அந்த ஏப்ரலில் நாட்டில் போரும் இல்லை, கலவரமும் இல்லை. நாவலப்பிட்டியில் ஒரு கூட்டம் நடந்திருந்தது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 22ஆம் திகதி உத்தரவு கையில் கொடுக்கப்பட்டது. 48 மணிநேரம். 24ஆம் திகதி முல்தான் என்ற கப்பல். அரசாங்கமே பயணச்சீட்டும் பதிவு செய்து வைத்துவிட்டது. தேசாதிபதி கையொப்பம் தயார், பொலிஸ் தயார், கப்பல் தயார், கட்டில் தயார். ஒரு வெள்ளைக்காரத் தொழிலாளர் தோழனை அப்புறப்படுத்த இத்தனை இலாகாக்கள் இத்தனை விரைவில் ஒத்துழைத்ததைப் பார்த்து, இன்றைய ஒருங்கிணைப்புக் குழுக்காரர்கள் வெட்கப்படவேண்டும்.

பயணி மட்டும் வரவில்லை. ஆள் தலைமறைவு. முல்தான் அவரில்லாமல் புறப்பட்டது. தீவு முழுவதும் பொலிஸ் தேடியது. ஒரு வெள்ளைக்காரனை, வெள்ளைக்காரர் மிகக் குறைவாக உள்ள ஒரு நாட்டில், பொலிஸாரால் கண்டுபிடிக்கமுடியவில்லை. ஓடிப்போன கூலிகளைப் பிடிப்பதில் அரை நூற்றாண்டு அனுபவம் உள்ள இலாகா இது என்பதை மறக்கவேண்டாம். மே தினத்தன்று கொழும்பு பிரைஸ் பார்க்கில் ஊர்வலம். பிரேஸ்கேர்டில் எங்களுக்கு வேண்டும், ஸ்டப்ஸை நாடுகடத்துங்கள் என்று பதாகை பிடித்துக்கொண்டு போனார்கள்.

இதற்கிடையில் விருந்தில் பரிமாறப்படாத கதிரைக்காரர் விழித்துக்கொண்டார். பொலிஸ் யாருடைய இலாகா? உள்நாட்டு அமைச்சருடையது. ஆளை நாடுகடத்துவதைப் பற்றி அவரிடம் ஆலோசனை கேட்கப்பட்டதா? இங்கேதான் குட்டு வெளிப்பட்டது. பொலிஸ் மாஅதிபர் பி.என். பேங்ஸும் அமைச்சர் ஜயதிலக்கவும் இதில் ஒத்துப்போகவில்லை. யார் யாரிடம் என்ன சொன்னார் என்று கண்டறிய ஓர் ஆணைக்குழுவே நியமிக்கவேண்டி வந்தது. ஒரே ஊரில் இருக்கிற இரண்டு பேர் ஒருவரோடொருவர் பேசினார்களா இல்லையா என்பதைத் தீர்மானிக்க நீதிமான்களைக் கூட்டி உட்காரவைத்த ஆட்சி இது. மே 5ஆம் திகதி அரசாங்க சபையில் தேசாதிபதிக்கு எதிராகவே கண்டனத் தீர்மானம். 34க்கு 7 என்று நிறைவேறியது. தேசாதிபதியின் பதவிக்கு அதனால் ஒரு கீறலும் இல்லை, சட்டப்படி. முகத்துக்கு இருந்திருக்கலாம்.

அதே நாள் மாலை காலிமுகத்திடலில் பெருங்கூட்டம். ஐம்பதாயிரம் பேர் என்று சொல்வார்கள். கொல்வின் தலைமை. எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க, ஏ.ஈ. குணசிங்க, யாழ்ப்பாணத்து ஹண்டி பேரின்பநாயகம், நம் மீனாட்சி அம்மாள் எல்லாரும் மேடையில். வேறு நாட்களில் ஒருவரையொருவர் கண்டால் வீதியைக் கடந்து மறுபக்கம் போகிறவர்கள்கூட அன்று ஒரே மேடையில் நின்றார்கள். அந்தப் புண்ணியம் ஸ்டப்ஸுக்கே. கூட்டத்தின் உச்சத்தில் பிரேஸ்கேர்டில் மேடையில் தோன்றினார். தீவெல்லாம் தேடிய ஆள், பொலிஸாரின் கண்ணெதிரில், கடற்காற்றில் நின்று பேசினார். ஐம்பதாயிரம் பேரைக் கடந்துபோய்த் தோளில் கைவைக்க எந்த உத்தியோகத்தருக்கும் அன்று பொழுது கிடைக்கவில்லை.

இரண்டொரு நாளில் பிடித்தார்கள். எங்கே? புதுக்கடையில், கட்சிச் செயலாளர் வெர்னன் குணசேகரவின் வீட்டில். நாட்டின் உயர் நீதிமன்றத்துக்கு அருகிலேயே ஒளித்து வைத்திருந்தது கட்சிக்காரர்களின் குறும்பா வசதியா, இரண்டுமா என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். எப்படியும் கைதியைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகும் செலவு அரசாங்கத்துக்கு மிச்சம்.

ஆட்கொணர்வு மனு தயாராக இருந்தது. வாதாடியவர் எச்.வி. பெரேரா, நாட்டின் முதல்தர சிவில் வழக்கறிஞர், ஒரு சதம் வாங்காமல் வந்தார். வழக்கு எடுக்கப்பட்ட நாளிலேயே அவர் கே.சி. ஆக்கப்பட்டார். ஆக, அரசாங்கத்தின் ஒரு கை ஆளை வெளியேற்ற நிற்க, இன்னொரு கை அவருடைய வழக்கறிஞருக்குப் பட்டுச் சால்வை போட்டது. பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரகாம்ஸ் தலைமையில் மூவர். மே 18ஆம் திகதி தீர்ப்பு: இந்த 1896ஆம் ஆண்டுக் கட்டளையை இப்படியெல்லாம் பயன்படுத்தமுடியாது, பேசியதற்காக ஒருவரை நாட்டைவிட்டுத் துரத்தத் தேசாதிபதிக்கும் அதிகாரம் இல்லை, ஆளை விடுங்கள். இன்றைக்கும் இலங்கையில் சட்டம் படிக்கிறவர்கள் இந்தத் தீர்ப்பைத் தாண்டாமல் போவதில்லை. வெள்ளைக்கார நீதியரசர் வெள்ளைக்காரத் தேசாதிபதியை வெள்ளைக்காரச் சின்னத்துரைக்காக மடக்கிய வழக்கு. ஒரு மாத்தளைக் கோவிந்தசாமி பேசியிருந்தால் தீர்ப்பு வந்திருக்குமா என்று கேட்கிற கெட்ட புத்தி எனக்கு மட்டும்தான் இருக்கிறதா?

பிரேஸ்கேர்டில் அந்த வருடமே தானாகக் கப்பலேறி இங்கிலாந்து போனார். துரத்தினால் போகமாட்டேன், விட்டால் போவேன் என்பது அவருடைய சட்டத் தத்துவம். ஸ்டப்ஸும் அதே 1937இல் பதவிக்காலம் முடிந்து போனார். பதாகையின் இரண்டாம் வரி இப்படியாக நிறைவேறியது.

இங்கே சிரிப்பைக் கொஞ்சம் நிறுத்தவேண்டும். 1940 ஜனவரியில், கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் இடைப்பட்ட ஹேவாஹெட்ட பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம். கேட்டது 16 சதச் சம்பள உயர்வு. ஜனவரி 10ஆம் திகதி பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். காலிமுகத்திடலில் ஐம்பதாயிரம் பேரின் நடுவே கைவைக்கத் தயங்கிய பொலிஸ், தோட்டத்துச் சரிவில் தயங்கவில்லை. ஜனவரி 10ஐ மலையகத்தில் இன்றும் தியாகிகள் தினமாக நினைவுகூருகிறார்கள்.

விசாரணை ஆணைக்குழு வந்தது. கோவிந்தனின் மனைவிக்காகக் கொல்வின் ஆஜரானார். பொலிஸும் தோட்ட நிர்வாகமும் எப்படிக் கூட்டாக நடந்துகொண்டன என்பதைக் குறுக்கு விசாரணையில் ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டினார். பிரேஸ்கேர்டில் விவகாரத்தில் யாரும் யாரிடமும் சொல்லாததுதான் பிரச்சினை. இங்கே கீழ்மட்டத்தில் எல்லாரும் எல்லாரிடமும் சொல்லியிருந்தார்கள், தொழிலாளியைத் தவிர.

ஆனால் கொழும்பில் பழைய நாடகம் மறுபடி மேடையேறியது. வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மேல் பொலிஸ் வழக்குப் போட்டிருந்தது. ஆணைக்குழு விசாரித்துக்கொண்டிருக்கும்போதே அந்த வழக்குகளையும் நடத்துவது நியாயமா என்று உள்நாட்டு அமைச்சர் ஜயதிலக்கவுக்குத் தோன்றியது. வழக்குகளைத் தள்ளிவைக்கக் கோருமாறு பொலிஸ் மாஅதிபரிடம் சொன்னார். அதே பேங்ஸ். அவர் இணங்கவில்லை, தேசாதிபதியிடம் போனார். இப்போது தேசாதிபதி சேர் அண்ட்ரூ கால்டிகொட். அவர் பொலிஸ் மாஅதிபரின் பக்கம் நின்றார். பொலிஸ் அமைச்சரின் கீழ் என்று புத்தகத்தில் எழுதியிருந்தது. பொலிஸ் மாஅதிபர் அந்தப் புத்தகத்தை முன்னட்டையோடு மூடிவைத்துவிட்டார் போலும்.

அமைச்சர்கள் அனைவரும் கூண்டோடு இராஜினாமாச் செய்தார்கள். மலையில் பதினாறு சதத்துக்குத் தொடங்கிய தகராறு தலைநகரில் அமைச்சரவையையே கவிழ்த்துவிட்டது. பிறகு? சமரசம். இராஜினாமாச் செய்தவர்களே திரும்ப வந்து அதே கதிரைகளில் அமர்ந்தார்கள். ஜயதிலக்கவும் அமைச்சர், பேங்ஸும் மாஅதிபர், கால்டிகொட்டும் தேசாதிபதி. இடத்தில் இல்லாமல் போனவர் கோவிந்தன் ஒருவர்தான்.

அந்த வருடமே பதுளைப் பக்கம் வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தங்களுக்கென்று ஒரு சபையைத் தெரிவுசெய்தார்கள். துரை அந்தச் சபையைக் கலந்து ஆலோசித்து நடக்க ஒப்புக்கொண்டார். சட்டம் ஒழுங்கை நிலைநாட்ட ஆயுதத்தோடு போன பொலிஸ் குழுவிடமிருந்து தொழிலாளர் ஆயுதத்தைப் பறித்துக்கொண்டார்கள். கடைசியில் பொலிஸ் பெரும் பலத்தோடு அடக்கியது. வெள்ளம் வந்து ஊவாவை ஒரு வாரத்துக்கு மேல் மற்ற இடங்களிலிருந்து துண்டித்தது அதற்குத் தோதாகப் போயிற்று. அரசாங்கத்தோடு முழுமனதாக ஒத்துழைத்த ஒரே இலாகா வானிலைதான்.

மேலிடத்துக்கு ஓர் உண்மை விளங்கியது: இந்தத் தொல்லைக்கெல்லாம் சமசமாஜக் கட்சியின் கலாநிதிகள்தான் காரணம். யுத்தகாலச் சட்டம் கைக்கு வசதியாக இருந்தது. 1940 ஜூனில் என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, எட்மண்ட் சமரக்கொடி, கொல்வின் நால்வரையும் பிடித்து உள்ளே போட்டார்கள். கோவிந்தனின் மனைவிக்காக வாதாடியவர் கடைசியில் கண்டிச் சிறையில், மலைகளைப் பார்த்தபடி. இந்தத் தடவை அமைச்சர் கேள்வி கேட்கவில்லை, நீதிமன்றம் குறுக்கே வரவில்லை, தேசாதிபதிக்கும் பொலிஸுக்கும் பிணக்கில்லை. டொனமூர் காலத்து ஒருங்கிணைப்பு முழுமை பெற்றது இந்த ஒரு விடயத்தில்தான்.

1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானியர் கொழும்பில் குண்டு போட்டார்கள். இரண்டு நாள் கழித்து, 7ஆம் திகதி இரவு, நால்வரும் கண்டிச் சிறையிலிருந்து தப்பினார்கள். என்.எம்., பிலிப், கொல்வின் மூவரும் பிறகு கடல் கடந்து இந்தியாவுக்குப் போனார்கள். தேசாதிபதி, மாஅதிபர், செயலாளர்கள் எல்லாரும் சேர்ந்து பூட்டிய கதவு அது. அவர்கள் வெளியேற உதவியவர் சொலமன் என்ற சிறைக்காவலர். அவரும் கூடவே போய்விட்டார்.